கொய்யாப் பிஞ்சு களைதல்: கையா, கத்தரிக்கோலா?

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கத்து மணற்பாங்கான வளவுகளில் கொய்யா வளர்ப்போர், மிகுதிப் பிஞ்சுகளைக் களைய எது ஏற்றது எனக் கேட்பதுண்டு.

செலவு: கைக்குச் செலவில்லை. கத்தரிக்கோலுக்கு விலையோடு, உப்புக் காற்றில் துருவேறாதிருக்க எண்ணெய் பூசும் வேலையும் உண்டு.

வேகம்: கையே முந்தும்.

சேதம்: முதன்மையாகப் பார்க்கவேண்டியது இதுதான். பிஞ்சு சுண்டைக்காய் அளவில் இருக்கையில் விரலால் திருகினால் எளிதில் கழன்றுவிடும். எலுமிச்சை அளவுக்குப் பருத்தபின் இழுத்தால் பட்டை உரிவதோடு, விட்டுவைக்க நினைத்த காயும் சேர்ந்து வந்துவிடும் (அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்). கத்தரிக்கோல் காம்பை மட்டும் வெட்டும். ஆனால் நோயுற்ற மரத்தில் பயன்படுத்தியதைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே, இரண்டு மூன்று மரங்களை நாள்தோறும் பார்ப்பவருக்குக் கையே போதும். பிந்திக் களைபவருக்குக் கத்தரிக்கோலே பொருந்தும்.