மகனோட போனுக்கு ஃபேமிலி லிங்க் போட்டு மூணு மாசம்

நாங்க ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கோம், மகனுக்கு 11 வயசு. டியூஷன் நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப்புலதான் வருதுன்னு போன வருஷம் போன் வாங்கிக் குடுத்தோம், ரெண்டே மாசத்துல பிள்ளை மாறிட்டான். ராத்திரி 12 மணிக்கு தண்ணி குடிக்க எழும்புனா போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியும், கிட்ட போனா டக்குனு இருட்டாயிரும், தூங்குற மாதிரி மூச்சு விடுவான். காலையில பஸ்ஸுக்கு எழுப்புனா கண்ணு செவந்து கெடக்கும், தொட்டதுக்கெல்லாம் கோவம், லயத்து பிள்ளைங்களோட கிரவுண்டுக்கு போறதும் நின்னுருச்சு. இந்த வயசுக்கு 9ல இருந்து 12 மணித்தியாலம் தூக்கம் வேணும்ங்கிறாங்க, இவன் அஞ்சு கூட தூங்கல. பெத்தவளுக்கு வயிறு எரியாதா?

அப்பதான் கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்பை போட்டேன், பெத்தவங்க போன்ல இருந்தே பிள்ளையோட போனைக் கட்டுப்படுத்துற ஆப் அது. காசு இல்ல, ஃப்ரீ. ஆனா போட்ட அன்னைக்கே ஒரு சிக்கல். போன் வாங்குன கடையில ஜிமெயில் போட்டுக் குடுக்கும்போது பிறந்த வருஷத்தை 1995ன்னு போட்டுருக்காங்க, அப்பதான் எல்லாம் ஓபன் ஆகுமாம்! அதாவது இவன் பெரிய ஆளு, எல்லாத்தையும் பாக்கலாம். சின்னப் பிள்ளை கையில போற போனுக்கு இப்படியா செய்றது, எனக்கு இன்னும் ஆறல. போனை ரீசெட் பண்ணி, உண்மையான பிறந்த திகதியில புது அக்கவுண்ட் போட்ட பிறகுதான் எல்லாம் சரியாச்சு. வாட்ஸ்அப்புக்கே 13 வயசு ஆகணும்னு அப்பதான் எனக்கும் தெரிஞ்சுது, இப்ப நோட்ஸ் என் நம்பருக்குத்தான் வருது.

எனக்கு ரொம்ப உதவுனது ராத்திரி லாக்தான். 9 மணின்னு வச்சிருக்கேன், டைம் ஆனா போன் தானா பூட்டிக்கும், ஆனா யாராவது கோல் எடுத்தா ஆன்சர் பண்ணலாம். முந்தி நான் பிடுங்கணும், அவன் கத்தணும், அப்பாயி குறுக்க வரணும், அந்த சண்டையே இப்ப இல்ல. புதுசா ஒரு கேம் வேணும்னா என் போனுக்கு கேட்டு வரும். வீட்டுக்காரர் கொழும்புல கடையில வேலை, அவரையும் பேரன்ட்டா சேத்துட்டேன், அங்க இருந்தே அவரும் பாக்குறாரு.

ஒண்ணு சொல்லணும், பிள்ளையோட போன்ல நெட் இருந்தாத்தான் நாம மாத்துறது அங்க போய்ச் சேரும், மழை மூட்டத்துல சிக்னல் போற நம்ம பக்கத்துல இது லேட் ஆகும். அதனால அடிக்கடி மாத்தாம, ஒரே டைமை வச்சு அப்படியே விட்டுருங்க. யூடியூப்புல ஒவ்வொரு வீடியோவா என்ன பாக்குறான்னு நமக்கு பக்கத்துல உக்காந்து சொல்றதும் இந்த ஆப்பு இல்ல, அதுக்கு நாமதான் உக்காரணும்.

மொத வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தான், நானும் அழுதேன். இப்ப ஒம்போதரைக்கெல்லாம் தூங்கிர்றான், போன ஞாயித்துக்கெழம அவனாவே பேட்டை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்கு போனான். போடுறவங்க பிள்ளைக்கு சொல்லிட்டே போடுங்க, உங்க ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும் அவங்க கண்ணுல காட்டாதீங்க.