நெக்ஸானா, பிரெஸ்ஸாவா? ஊருக்குள்ளும் மலையிலும் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா என்ற இந்த இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இதில் இது இருக்கிறது அதில் அது இல்லை என்று டிக் அடிக்கும் ஒப்பீடுகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். நாலு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே நீளம், பத்து லட்சத்தைச் சுற்றி விலை, மேல் வேரியன்ட்களில் டயர்கூட ஒரே அளவு, 215/60 ஆர்16. ஓட்டிப் பழகினால் இரண்டும் இரண்டு ரகம். எந்த வண்டி நல்லது என்று கேட்பதைவிட, உங்கள் வண்டி அதிக நேரம் எந்த ரோட்டில், எந்த கியரில் ஓடப்போகிறது என்று கேட்டுக்கொண்டால் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும்.

என்னிடம் இருப்பது 2022 கடைசியில் எடுத்த டாடா நெக்ஸான், பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். மச்சினனிடம் இருப்பது அதே சமயத்தில் வந்த புது மாருதி பிரெஸ்ஸா, பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல். இரண்டு பேரும் கோவையில்தான் இருக்கிறோம், யாருக்கு எது வசதியோ அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு போவது பழக்கமாகிவிட்டது. மாமனார் வீடு வால்பாறை என்பதால் இரண்டு வண்டிக்கும் ஆழியார் மலைப்பாதை நன்றாகவே தெரியும். 2023 செப்டம்பரில் முகம் மாறி வந்த நெக்ஸானில் உள்ளே நிறைய மாற்றங்கள் இருந்தாலும் பெட்ரோல் எஞ்சின் அதே 1.2 லிட்டர் டர்போதான் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற வகை). அதனால் இழுவையைப் பற்றி நான் சொல்வது புது வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எஞ்சின், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைச் சுற்றித்தான். நெக்ஸானில் 1,199 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 120 பிஎஸ் சக்தி, 170 நியூட்டன் மீட்டர் இழுவை. பிரெஸ்ஸாவில் 1,462 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 103 பிஎஸ், கிட்டத்தட்ட 137 நியூட்டன் மீட்டர். இதைப் படித்துவிட்டு நெக்ஸான்தான் வேகமான வண்டி என்று முடிவு கட்டிவிடுவார்கள், நெடுஞ்சாலையில் அது சரிதான். ஆனால் காந்திபுரம் சிக்னலில் காலை ஒன்பதரை மணிக்கு 120 பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊருக்குள் நடப்பது இதுதான். முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, நாம் செகண்ட் கியரில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்போம். பிரெஸ்ஸாவில் அப்படியே காலை லேசாக அழுத்தினால் போதும், முனகாமல் எடுத்துக்கொண்டு போகும், மூன்றாவது கியரில்கூடச் சமாளிக்கும். டர்போ வண்டியில் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,700, 1,800 சுற்றுக்கு வரும்வரை காற்றழுத்தம் சேராது. அதற்குக் கீழே அது வெறும் 1.2 லிட்டர் வண்டிதான், அந்த இடைவெளியில் நீங்கள் அழுத்தியதற்கும் வண்டி நகர்வதற்கும் நடுவே ஒரு யோசனை நேரம் இருக்கும், அப்புறம் திடீரென்று பிடித்து இழுக்கும். பழகிவிட்டால் முன்கூட்டியே ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கிவிடுவோம், இப்போது எனக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் என் மனைவி ஊருக்குள் போவதென்றால் தம்பி வண்டிச் சாவியைத்தான் கேட்கிறாள், அதில் கிளட்ச்சும் லேசு. அவிநாசி சாலையில் அந்தப் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கும்வரை, கட்டுமானத்துக்கு நடுவே நெளிந்து போன அத்தனை வருஷமும் பிரெஸ்ஸா எடுத்தவன்தான் புத்திசாலி என்று நினைத்திருக்கிறேன்.

பிரெஸ்ஸாவில் இருக்கும் ஸ்மார்ட் ஹைபிரிட் பற்றி ஒரு வார்த்தை. அது பேட்டரியில் தனியாக ஓடுகிற ஹைபிரிட் இல்லை, சிக்னலில் எஞ்சினை நிறுத்தி மறுபடி எடுப்பதற்கும், கிளம்பும்போது கொஞ்சம் கை கொடுப்பதற்கும் உள்ள சின்ன ஏற்பாடு. எஞ்சின் நின்றால் ஏசி கம்ப்ரஸரும் நிற்கும், வெறும் காற்றுதான் வரும். சித்திரை வெயிலில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? மச்சினன் வண்டியில் ஏறியவுடன் முதலில் எஞ்சினை நிறுத்தும் அந்த வசதியைத்தான் பட்டனை அழுத்தி அணைக்கிறான்.

சரி, மலைக்கு வருவோம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். நாலு பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெக்ஸானில் வளைவுக்குள் செகண்டில் நுழைந்து வெளியே வரும்போது அழுத்தினால் இரண்டாயிரம் சுற்றிலேயே முழு இழுவை கிடைத்துவிடும், சத்தமே போடாமல் அடுத்த வளைவுக்குப் போய்விடலாம். பிரெஸ்ஸாவின் முழு இழுவை 4,400 சுற்றில்தான் வருகிறது, அதனால் அதே ஏற்றத்தில் எஞ்சினை நன்றாகச் சுழலவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், சில வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியர் போட்டே ஆக வேண்டும். ஏறாமல் நிற்காது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முன்னால் டீத்தூள் லாரி போனால் அதை முந்துவதற்கு நெக்ஸானில் கிடைக்கிற தைரியம் இதில் கிடைக்காது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் வரையாடு பார்க்க நிறுத்திவிட்டு, அந்தச் சரிவிலிருந்து மறுபடி கிளம்பும்போது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். மச்சினனே அங்கே ஒரு தடவை, "மாமா, மேல போறதுக்கு உங்க வண்டி, கீழ வந்து ஊர்ல சுத்தறதுக்கு என் வண்டி, போதுமா?" என்றான். போதும் என்றேன்.

இன்னொரு விஷயம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். வால்பாறை ஆயிரம் மீட்டர் சொச்சம்தான், அங்கே பெரிதாகத் தெரியாது. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும், 103 பிஎஸ் வண்டி எண்பது பிஎஸ் வண்டி ஆகிவிடும். டர்போ வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. வாரா வாரம் மலை ஏறுகிறவர்கள் இதை மட்டும் வைத்தே முடிவு செய்யலாம், டீசல் பிடிக்கும் என்றால் நெக்ஸானின் 1.5 டீசலில் 260 நியூட்டன் மீட்டர் இருக்கிறது, அது வேறு உலகம். பிரெஸ்ஸாவில் டீசல் 2020-லேயே போய்விட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் ஓட்டுப் போட்டால் பிரெஸ்ஸாவுக்குத்தான் போடுவார். அதன் உயரம் 1,685 மில்லிமீட்டர், என் வண்டியைவிட ஏழு எட்டு சென்டிமீட்டர் அதிகம், கூரையும் பின்பக்கம் சரியாமல் நேராகப் போகிறது. தலையைக் குனியாமல், வீட்டு நாற்காலியில் உட்காருவது போல ஏறி உட்கார்ந்துவிடுகிறார். நெக்ஸானில் கூரை பின்னால் இறங்குவதால் ஏறும்போது குனிய வேண்டும், உட்கார்ந்த பிறகு வசதிக்குக் குறைவில்லை, அகலமும் கூட. டிக்கி நெக்ஸானில் 350 லிட்டர் (இப்போது வருவதில் 382), பிரெஸ்ஸாவில் 328. ஊரிலிருந்து வாழைத்தார் ஏற்றும்போது இந்த லிட்டர் கணக்கைவிட வாசல் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று தெரிந்துவிட்டது.

மோசமான ரோட்டில் நெக்ஸான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தரையிலிருந்து 209 மில்லிமீட்டர் இடைவெளி, குழியில் இறங்கினால் ஒரே ஒரு தடவை அசைந்து நின்றுவிடும், நூறில் போகும்போதும் வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரெஸ்ஸா மோசம் என்று சொல்ல முடியாது, மெதுவாகப் போகும்போது அதுவும் மெத்தென்றுதான் இருக்கிறது, வேகத்தில் வளைவு வந்தால் உடம்பு கொஞ்சம் சாயும்.

மைலேஜ்தான் எல்லோரும் முதலில் கேட்பது. திரையில் காட்டுவதை நம்பாமல், ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, அடுத்த தடவை நிரப்பும்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன். என் நெக்ஸான் ஊருக்குள் 11, 12, நெடுஞ்சாலையில் எண்பது தொண்ணூறில் போனால் 16, 17. பிரெஸ்ஸா ஊருக்குள் 14 பக்கம், வெளியே 18, 19. மாருதி சொல்வது 20 பக்கம், டாடா சொல்வது 17 சொச்சம், ஆகவே நெடுஞ்சாலையில் இரண்டுமே சொன்னதற்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. டர்போ வண்டியில் மைலேஜ் உங்கள் வலது காலைப் பொறுத்தது, அவசரக்காரர் ஓட்டினால் ஒற்றை இலக்கத்துக்குப் போய்விடும். இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் இரண்டிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். டேங்க் நெக்ஸானில் 44 லிட்டர், பிரெஸ்ஸாவில் 48. தூரப் பயணத்தில் அவன் பங்க்கைத் தேடுவதற்கு முன் நான் தேடுவேன்.

பாதுகாப்பு. இந்தியாவில் தயாரான கார்களில் காரை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் முதலில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது நெக்ஸான்தான், 2018 டிசம்பரில். அதே வருஷம் பழைய விட்டாரா பிரெஸ்ஸா நாலு வாங்கியது. புது நெக்ஸான் 2024-ல் கடினமாக்கப்பட்ட விதிகளிலும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து ஐந்து வாங்கிவிட்டது. நான் நெக்ஸான் பக்கம் சாய்ந்ததற்கு வால்பாறை பாதி காரணம், இது மீதி. ஆனால் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் ஐந்து நட்சத்திரமும் ஒன்றும் செய்யாது, எங்கள் வீட்டில் இதற்காக இன்றும் சண்டை நடக்கிறது.

சன்ரூஃப், பெரிய திரை, 360 டிகிரி கேமரா எல்லாம் ஷோரூமில் மணிக்கணக்காகப் பேசப்படும். சன்ரூஃபை எங்கள் இரண்டு வீட்டிலும் குழந்தைகளைத் தவிர யாரும் தொடுவதில்லை. பின் கேமரா மட்டும் கட்டாயம் வேண்டும்.

பணக் கணக்கில்தான் ஒரு வினோதம் இருக்கிறது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் சிறிய கார் என்று ஜிஎஸ்டி வரி குறைவு. நாங்கள் எடுத்தபோது நெக்ஸானுக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29 சதவீதம், பிரெஸ்ஸா எஞ்சின் பெரியது என்பதால் 45. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இது 18-ம் 40-ம் ஆகிவிட்டது. அதாவது பிரெஸ்ஸாவுக்கு வரி விகிதம் நெக்ஸானைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இன்றைக்குப் புதிதாக எடுப்பவர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். விற்கும்போது மாருதிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்பது வேறு பக்கம்.

தமிழ்நாட்டில் சாலை வரியும் சேர்ந்துகொள்கிறது. 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. 9.99 லட்சம் வண்டிக்கும் 10.10 லட்சம் வண்டிக்கும் விலையில் பதினோராயிரம்தான் வித்தியாசம், சாலை வரியில் மட்டும் சுமார் 52,000. பத்தைத் தொடும் வேரியன்ட் பார்க்கிறவர்கள் ஒரு படி கீழே இறங்கி, வேண்டிய சாமானை வெளியே போட்டுக்கொள்வது லாபம். ஒரு டீலர் கொடுத்த ஆன்ரோடு சீட்டில் "எசென்ஷியல் கிட்" என்று ஒரு தொகை இருந்தது, அது கட்டாயமா என்று கேட்டதும் பேனாவால் அடித்துவிட்டார். இன்சூரன்ஸும் அவர்களிடமே போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம், சொந்தச் சேதத்துக்கு ஒரு வருஷம் போதும். வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசினால் டீலரும் இறங்கி வருவார்.

தினமும் ஊருக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர், வீட்டில் வயதானவர்கள், எப்போதாவது ஒரு நீண்ட பயணம் என்றால் பிரெஸ்ஸா எடுங்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதிலிருக்கும் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (திரவம் வழியாகச் சக்தி கடத்துவது) நெக்ஸானின் ஏஎம்டியைவிட (மேனுவல் கியரை மோட்டார் மாற்றுவது) எவ்வளவோ மென்மை. நெடுஞ்சாலையும் மலையும் மோசமான ரோடும்தான் உங்கள் வாழ்க்கை என்றால் நெக்ஸான். இன்னும் தெளிவாகவில்லையா, டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் ஆள் கூட்டிக்கொண்டு போகும் அகலமான காலி ரோட்டில் ஓட்டாதீர்கள். வீட்டு ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, நெரிசல் நேரத்தில் உக்கடம் பாலத்து ஏற்றத்தில் செகண்ட் கியரில் ஊர்ந்து பாருங்கள். கூட வருபவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.