ஒக்கி புயலுக்குப் பிறகு குரூப் தெரபி: சில வருட அனுபவம்

புயலில் கடலில் மாட்டித் திரும்பி வந்தவர்களுக்கு குரூப் தெரபியால், அதாவது மனசு பாதிக்கப்பட்டவர்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி பெற்றவர் ஒருவர் முன்னால் பேசும் சிகிச்சையால், பிரயோஜனம் உண்டா என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு நிறையவே பிரயோஜனப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் அது சரி செய்துவிடவில்லை. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

குமரி மாவட்டத்தில் தூத்தூரைச் சுற்றியுள்ள கடற்கரைக் கிராமங்களில் ஒன்றுதான் என் ஊர். விசைப்படகில் எஞ்சின் பார்த்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிமுனையை ஒட்டிக் கடந்து லட்சத்தீவை நோக்கிப் போனபோது, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்யப் போன எங்கள் படகுகள் பலவும் அதே கடலில்தான் இருந்தன. எங்கள் படகு கவிழ்ந்தது. என்னை வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள். கூட வந்த எல்லோரும் திரும்பவில்லை. இதற்கு மேல் அந்தக் கதையை நான் சொல்லப்போவதில்லை. குரூப்பிலும் ரொம்ப நாள் வரை இவ்வளவுதான் சொன்னேன், யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குப் பிடித்துப்போன முதல் விஷயமே அதுதான்.

ஏனென்றால் புயல் முடிந்த சூட்டில் வேறொரு குழு வந்திருந்தது. எங்களை வரிசையாக உட்கார வைத்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். அன்று ராத்திரி யாருக்கும் தூக்கமில்லை. அவர்கள் மறுபடி வரவும் இல்லை. பேரிடர் முடிந்த கையோடு இப்படி ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்தது.

எனக்கு இருந்த தொந்தரவுகள் இந்த மாதிரி அதிர்ச்சியில் மாட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். டீசல் வாடை பட்டால் உடம்பு வேர்க்கும். காற்றில் தகரக் கூரை படபடத்தால் நான் எழுந்து வாசலில் நிற்பேன். பிள்ளைகளிடம் சிரிப்பு வராது. இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய், என்று சொல்வார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டினேன். மனச்சோர்வுக்கும் இதற்கும் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நாமாக நிறுத்தவும் கூடாது. தனியாக ஆலோசனையும் நடந்தது. அப்புறம்தான் குரூப்.

குரூப் மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாடி அறையில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து தள்ளி இருந்தது எவ்வளவு நல்லது என்பதைக் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் சுவருக்குச் சுவர் வீடு. சர்ச்சின் பங்கு மண்டபத்தில் வைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் இன்னார் பைத்தியத்துக்குப் போகிறான் என்று பேச்சு வந்திருக்கும். அறையில் கேட்டது வெளியே போகக் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது, பேசப் பிடிக்காவிட்டால் கையைத் தூக்கினால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஏழெட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம், நடுவில் கட்டன் சாயா.

நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. வந்தவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்த மாதிரி இருந்த நாற்காலிகளுக்கே போட்டி போட்டோம். அதை முதலில் கவனித்துச் சொன்னது கோட்டில்பாட்டிலிருந்து வந்த ஒரு அக்கா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குடும்பத்தை இழந்தவர். "மக்களே, நான் இப்பமும் ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் கவர்ல கெட்டி தலைமாட்டுலதான் வச்சிருக்கேன்" என்றார். ஒரு லாரி டிரைவர் தன் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார், ராத்திரியும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படுப்பாராம். நான் தகரக் கூரையைச் சொன்னேன். எனக்கு மட்டும்தான் மூளை குழம்பிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். வீட்டில் மனைவி எவ்வளவு ஆறுதல் சொல்லியும் போகாத அந்த நினைப்பு, அந்த அக்கா பிளாஸ்டிக் கவரைப் பற்றிச் சொன்னதும் போனது. மாத்திரையும் தனி ஆலோசனையும் எனக்குத் தராததை குரூப் தந்தது என்றால் அது இதுதான்.

வெவ்வேறு துக்கக்காரர்களை ஒன்றாக உட்கார வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம் என்பதே என் கருத்து. ஒக்கிக்காரர்கள் மட்டும் கூடினால் பேச்சு நிவாரணப் பணத்துக்கும் எச்சரிக்கை தாமதமாக வந்த கதைக்கும் போய்விடும். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் அதைப் பேசும் இடம் வேறு.

பயம் ஏறும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாடை, ஒரு ருசி என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ருசியில்தான் சிக்கல். வாயில் உப்பு பட்டாலே கடல் வந்துவிடும். நடத்திய மேடம் இஞ்சி மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்றுவரை சட்டைப் பையில் இருக்கிறது.

இனி குறைகள். மற்றவர் கதை நம்மைக் கிளறிவிடும், சில ராத்திரிகள் மோசமாகவே போகும். நடந்த சம்பவத்தின் நினைவையே நேராக எடுத்துச் சரிசெய்யும் வேலைக்குத் தனிச் சிகிச்சைதான் பலமானது, ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. கடலில் காணாமல் போய் உடல் கிடைக்காதவர்களின் வீட்டார் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு எங்கள் குரூப் பொருந்தவில்லை. நாங்கள் முடிந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசினோம், அவர்களுக்கு அது முடியவே இல்லை. அவர்களுக்கென்று தனி அமர்வு வேண்டும்.

இன்னொன்று, நேரம். தங்கித் தொழிலுக்குப் போகிறவன் வாரக்கணக்கில் கரையில் இருக்க மாட்டான். வாரா வாரம் வா என்றால் எப்படி வருவான்? எங்கள் மேற்குக் கடற்கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் எங்கள் அறை நிரம்பியிருக்கும், ஆகஸ்டில் பாதி நாற்காலி காலி. புதிதாகக் குரூப் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து தடைக்காலத்தில் தொடங்குங்கள், மற்ற மாதங்களில் போனிலாவது தொடர்பில் இருங்கள்.

இப்போது நான் கடலுக்குப் போவதில்லை, கரையில் எஞ்சின் பழுது பார்க்கிறேன். டீசல் வாடையோடுதான் நாள் முழுக்க வேலை, தாங்க முடிகிறது. நவம்பர் கடைசியில் மட்டும் தூக்கம் கெடும். அந்த வாரம் குரூப்காரர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்வோம்.

சேருமுன் நடத்துகிறவரிடம் கேளுங்கள்: முதல் நாளே கதை சொல்ல வேண்டுமா, பயிற்சி பெற்றவர் யார், நடுவில் ஒருவர் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர்கள் குரூப்புக்குக் காத்திருக்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். ராத்திரியில் யாரும் இல்லாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.