திரும்பத் திரும்பப் படிப்பதா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா?

வடசென்னையில் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இல்லாத தெரு குறைவு. வீட்டில் இருப்பது ஒரே அறை, அதிலும் டிவி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மொட்டை மாடி, தெருமுனை நூலகம், கொளத்தூர் பக்கம் என்றால் அரசின் படிப்பு மையமான முதல்வர் படைப்பகம். எங்கே உட்கார்ந்தாலும் படிக்கிற விதம் மட்டும் மாறுவதில்லை. சமச்சீர் புத்தகத்தை முதலிலிருந்து வாசிப்பது, மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுவது, முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். “மூணு ரிவிஷன் முடிச்சிட்டேன்க்கா” என்று ஒரு பையன் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி. அந்தப் பையனிடம் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சென்னைத் தொழிலாளர் சங்கம் எந்த வருடம் தொடங்கியது என்று கேட்டால், “தெரியும்க்கா, வலது பக்கம் மேல ஒரு பாக்ஸ்ல இருக்கும்” என்பான். பக்கம் நினைவிருக்கிறது, வருடம் வரவில்லை.

“கொள்குறி வினாதானே, நாலு ஆப்ஷனைப் பார்த்தால் வந்துவிடும்” என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் ஆப்ஷன்கள் 1916, 1918, 1920, 1922 என்று இருந்தால் நாலுமே தெரிந்த முகமாகத்தான் தெரியும். 1916-ல் தன்னாட்சி இயக்கம், 1920-ல் ஒத்துழையாமை, 1922-ல் சௌரி சௌரா. பார்த்த மாதிரி இருக்கிறது என்பது அங்கே உதவாது.

திரும்பப் படிப்பதற்கு எதிரே நிற்பது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டவர்கள் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும். ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்து, நான்கு வேளைகளாகப் பிரித்துப் படிக்க வைத்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் வாசித்துக்கொண்டே இருந்தது, சராசரியாக 14 தடவை. இன்னொரு குழு முதல் வேளை மட்டும் வாசித்தது, மூன்று நாலு தடவைதான். மற்ற மூன்று வேளையும் வெற்றுத்தாளில் நினைவுக்கு வந்ததை எழுதியது. சரியா தவறா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். மற்றவர்கள் 61-ல் நின்றார்கள். இன்னொன்றும் கேட்டிருந்தார்கள்: ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள், கடைசியில் கோட்டைவிட்ட அதே வாசிப்புக் குழுதான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த நம்பிக்கைதான். மூன்றாவது தடவை வாசிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும், அதைப் பாடம் ஏறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். மூடிவைத்து எழுதினால் பாதியில் பேனா நின்றுவிடும், அவமானமாக இருக்கும். அந்தத் திணறலில்தான் நினைவு உறுதிப்படுகிறது. படிக்கும்போது சுகமாக இருப்பதை வைத்து முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு தடவையும் தப்பான முறையிலேயே போய் நிற்போம்.

வாசிப்பு முறை ஜெயிக்கும் இடமும் உண்டு. நாளைக் காலையில் பரீட்சை, பாடத்தை இதுவரை தொடவே இல்லை என்றால் வாசியுங்கள், வேறு வழியில்லை. முதல் வாசிப்புக்கு மாற்றே கிடையாது. உள்ளே போகாததை எப்படி வெளியே எடுப்பது? “சத்தம் போட்டுப் படி” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. மனசுக்குள் படித்த சொற்களைவிட வாய்விட்டுப் படித்தவை கூடுதலாக நினைவில் நிற்பதாக ஆய்வுகளே சொல்கின்றன. ஹைலைட்டருக்குத்தான் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2013-ல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் பயன் குறைந்தவை பட்டியலில் விழுந்தன. மேலே வந்தவை இரண்டே: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

இடைவெளி எவ்வளவு? 1300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த, 2008-ல் வெளிவந்த நிக்கோலஸ் செப்பெடா குழுவின் ஆய்வில் ஒரு கணக்கு கிடைக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால், முதல் படிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நாள் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். 35 நாள் கழித்துத் தேர்வு என்றால் 11 நாள். ஒரே இரவில் ஏழு தடவை புரட்டுவது இந்தக் கணக்கில் எங்குமே வராது.

மூடிவைத்துச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டுச் சரிபார்க்காமல் போனால் தப்பே தங்கிவிடும். கொள்குறி வினாவில் கவர்ச்சியான தவறான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தவர்கள், பிறகு அதையே விடையாகச் சொல்வதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. விடைக்குறிப்பு தராத டெஸ்ட் பேட்சுக்குப் பணம் கட்டாதீர்கள்.

அட்டை போட்டுப் படிப்பது எனக்குப் பிடித்த வழி. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை நாலாக வெட்டினால் போதும். முன்னால் கேள்வி, பின்னால் விடை. அட்டைகளை வைக்க வரிசையாகச் சில பெட்டிகள்; எல்லா அட்டையும் முதல் பெட்டியில் தொடங்கும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், சில நாள் கழித்துத்தான் திரும்ப வரும். சொதப்பியது முதல் பெட்டிக்கே திரும்பும், நாளைக்கே வரும். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் பரப்பிய முறை இது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் பத்து அட்டை பார்த்துவிடலாம்.

சுருக்குச் சொற்கள்? முதலெழுத்துகளைக் கோத்துப் பாட்டாக்குவது வரிசைகளுக்கு மட்டும் சரி. அதைவிடத் தெரிந்த இடத்தோடு முடிச்சுப் போடுவது மேல். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல், பி.பி. வாடியா தலைமையில், பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியது. வியாசர்பாடிப் பிள்ளைக்கு அது தாத்தா காலத்து மில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது என்பதை ராயபுரத்துக்காரர் மறந்து நான் பார்த்ததில்லை.

திறனறிவுக்கு வரும் 25 கணக்குகள் தனி வழக்கு. அங்கே போட்டி வேறு: ஒரே வகைக் கணக்கை முடித்துவிட்டு அடுத்ததா, எல்லாவற்றையும் கலந்தா? டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் பார்த்தது இது: பயிற்சியின்போது வகைவாரியாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வகைவாரியாகப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. பரீட்சையில் யாரும் ‘இது தனிவட்டிக் கணக்கு’ என்று தலைப்புப் போட்டுக் கொடுப்பதில்லையே. அதனால் தனிவட்டி, சதவீதம், நேரமும் வேலையும் மூன்றிலும் இரண்டிரண்டாகக் கலந்து போடுங்கள். மார்க் குறையும்; அதைப் பார்த்து முறையை மாற்றிவிட வேண்டாம்.