கோர்களைக் குறைத்தேன், மெயில் வேகமெடுத்தது

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சை விர்ச்சுவல் மெஷினில் (நிஜக் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி) ஓட்ட ஆரம்பித்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் வருஷம் முழுக்க நான் செய்தது ஒரே தவறு: மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், இன்னும் நாலு கோர் (பிராசசரில் வேலை செய்யும் அலகு) கொடுத்துவிடுவேன். எட்டில் ஆரம்பித்தது பதினாறில் வந்து நின்றது. அவுட்லுக் மட்டும் காலை பத்து மணிக்கு "சர்வரிடமிருந்து தகவல் பெறுகிறது" என்றபடி உறைந்து நிற்பதை விடவேயில்லை. உள்ளே டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 35 சதவீதம்தான்!

மெஷின்களைத் தாங்கும் நிஜக் கணினியான ஹோஸ்டில் 12 கோர் பிராசசர் இரண்டு, ஆக 24 நிஜ கோர். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் அதை 48 என்று காட்டியது. நான் 48-ஐ நம்பி, எல்லா மெஷின்களுக்குமாக 60 விர்ச்சுவல் கோர் பிரித்துக் கொடுத்திருந்தேன். எக்ஸ்சேஞ்சுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் உச்சவரம்பு ஒரு நிஜ கோருக்கு இரண்டு விர்ச்சுவல் கோர். ஒன்றுக்கு ஒன்று இருந்தால் உத்தமம். ஹைப்பர்த்ரெடிங் காட்டும் கோர்கள் இந்தக் கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால் நான் 2.5-ல் இருந்தேன்.

உண்மையைச் சொன்னது, விஎம்வேர் மெஷின்களை நிர்வகிக்கும் வி-சென்டரில் உள்ள 'சிபியு ரெடி' என்ற அளவு. வேலை தயாராக இருந்தும் நிஜ கோர் கிடைக்காமல் மெஷின் காத்துக்கிடக்கும் நேரம் அது. 20 விநாடிக்கு ஒரு கோருக்கு 2,400 மில்லிவிநாடி, அதாவது 12 சதவீதம். ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். இந்தக் காத்திருப்பு விண்டோஸின் கண்ணில் படாது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்து நான் ஏமாந்தது இதனால்தான்.

பதினாறை எட்டாக்கி, மற்ற மெஷின்களையும் சேர்த்து மொத்தத்தை 40-க்குள் அடக்கினேன். ரெடி 2 சதவீதத்துக்கு இறங்கியது. இன்னொரு லாபமும் கிடைத்தது: பதினாறு கோர் மெஷின் இரண்டு பிராசசரிலும் கால் வைத்திருந்தது, எட்டு கோர் ஒரே நூமா நோடுக்குள் (ஒரு பிராசசரும் அதற்கு அருகிலுள்ள ரேமும்) அடங்கிவிட்டது. (ஓடும்போதே கோர் சேர்க்கும் 'ஹாட் ஆட்' வசதியைத் தேவையில்லாமல் போட்டு வைக்காதீர்கள். விஎம்வேரின் விஸ்பியரில் அதைப் போட்டால், நோடு அமைப்பை மெஷினுக்குக் காட்டும் வி-நூமா இயல்பாக அணைந்துவிடும்.)

எட்டும் போதவில்லை என்பது வேறொரு நாள் தெரிந்தது. ஒன்று விழுந்தால் மற்றது சுமையை ஏற்கும் டேக் (DAG) அமைப்பில் இரண்டு ஹோஸ்டில் இரண்டு மெயில் சர்வர். உச்ச நேரத்தில் ஒவ்வொன்றும் 45 சதவீதம். ஒன்றை நிறுத்திப் பார்த்தபோது மற்றது 90-ஐத் தொட்டது. ஒன்று படுத்துவிட்ட நாளிலும் 80-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் கணக்கு. பத்து கோராக்கிய பிறகு 72-ல் நிற்கிறது. நோடுக்குள்ளும் அடங்குகிறது.

ரேமில் பேரமே கிடையாது. எக்ஸ்சேஞ்ச் தன் கண்ணுக்குத் தெரியும் ரேமை வைத்துத்தான் டேட்டாபேஸ் கேஷை (அடிக்கடி தேவைப்படும் தகவலை ரேமில் வைத்திருக்கும் இடம்) விரிக்கிறது. விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர், பலூனிங் என்ற முறையில் அந்த ரேமைப் பின்னாலிருந்து உருவினால் எக்ஸ்சேஞ்ச் டிஸ்க்குக்கு ஓட ஆரம்பிக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியில் ரேமை ஏற்றி இறக்கும் டைனமிக் மெமரிக்கு எக்ஸ்சேஞ்சில் ஆதரவே இல்லை. கொடுத்த ரேமை முழுக்க அந்த மெஷினுக்கே ரிசர்வ் செய்துவிடுங்கள். 2016 பதிப்பில் எங்களுக்கு 64 ஜிபி போதுமாக இருந்தது. 2019-க்குப் போனபோது மெயில்பாக்ஸ் சர்வருக்குக் குறைந்தது 128 ஜிபி என்ற பரிந்துரை வந்து இடித்தது. ஹோஸ்டில் இருந்ததோ 256, நோடுக்கு 128. ஹைப்பர்வைசரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுமே! 384 ஆக்கிய பிறகுதான் மாற்றினேன்.

எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் நின்று வெளி மெயிலை வடிகட்டும் லினக்ஸ் கேட்வேயை சின்ன மெஷின்தானே என்று 2 ஜிபியில் விட்டிருந்தேன். அதில் ஓடும் வைரஸ் தடுப்பானான கிளாம்ஏவியின் வைரஸ் பட்டியலே ஒரு ஜிபிக்கு மேல் பிடிக்கும். புதுப் பட்டியல் ஏறும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே ரேமில் கிடக்கும். ரேம் தீர்ந்து லினக்ஸ் கெர்னல் கிளாம்ஏவியைக் கொன்றுபோட, அன்று வெளி மெயில்கள் வரிசையில் தேங்கின. இப்போது 6 ஜிபி.

2019-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் எக்ஸ்சேஞ்சின் அடுத்த பதிப்பான சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு மாறினோம். பழைய கணக்குத் தாளை எடுத்து ஒருமுறை சரிபார்த்ததோடு சரி: பத்து கோர், 128 ஜிபி, முழு ரிசர்வ்.