அமெரிக்கத் தரைப்படையில் ஓராண்டு: முழுநேரமா, நேஷனல் கார்டா?

அடிப்படைப் பயிற்சி பத்து வாரம். அதில் முழுநேர வீரருக்கும், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டின் வீரருக்கும் வித்தியாசமில்லை. அதே முகாம், அதே அதட்டல். அதற்கப்புறம்தான் பாதை பிரிகிறது.

முழுநேர வீரருக்குப் படைத்தளமே ஊர். விடியலில் உடற்பயிற்சி, பகலில் வண்டி பராமரிப்பு, துப்பாக்கிப் பயிற்சி. உடற்தகுதித் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, சம்பளத்தோடு விடுப்பு 30 நாள். முறை வந்தால் படைப்பிரிவே கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்துக்குப் பெரிய ஒத்திகைக்குப் போகும். அங்கே எதிரியாக நடிக்கவென்றே ஒரு படை நிரந்தரமாக இருக்கிறது. அந்த மண் அவர்களுக்கு அத்துப்படி. வந்தவர்கள் திணறுவது சகஜம்.

நேஷனல் கார்டு வீரருக்கு மாதம் ஒரு வார இறுதி, பெரும்பாலும் கோடையில் இரண்டு வாரப் பயிற்சி. அந்த வார இறுதிக்கு நான்கு நாள் அடிப்படைச் சம்பளம் உண்டு. தகுதித் தேர்வு ஒரு முறைதான். காகிதத்தில் சுலபம்! ஆனால் புயலோ காட்டுத்தீயோ வந்தால் மாநில ஆளுநர் அழைப்பார். போருக்கு அதிபர் அழைப்பார். அலுவலக வேலை பறிபோகாமல் காக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சரி. பாதியில் விட்டுவந்த வேலையின் நெருக்கடியைச் சட்டம் தீர்க்குமா?

பிறந்தநாளும் வேறு. தரைப்படைக்கு 1775 ஜூன் 14, கார்டுக்கு 1636 டிசம்பர் 13. நாட்டைவிட இரண்டுமே மூத்தவை.

நிலையான சம்பளமும் வீட்டு வசதியும் வேண்டுமென்றால் முழுநேரம். படிப்பையோ சொந்த ஊரையோ விட முடியாதவர்களுக்கு கார்டு. ஆனால் ‘பகுதிநேரம்’ என்று நம்பிச் சேரக் கூடாது: 2001-க்குப் பிறகு கார்டு படைகளும் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போயின.