மானிட்டர் கேபிள் வாங்குகிறவர்களே, பேக்கெட்டில் போட்டிருக்கும் '8கே'யை நம்பாதீர்கள்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் '2.1, 8கே, தங்க முலாம்' என்று பளபளவென அச்சடித்த 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளை (கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டு போகும் கேபிள்) 1,450 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். படம் சரியாக வரவில்லை என்று திரும்பிப் போனால், கேபிளை மாற்றித் தராமல் கரண்ட்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் பவர் ஃபில்டர் பெட்டி ஒன்றையும் 2,600 ரூபாய்க்கு விற்றார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றதும் கிராபிக்ஸ் கார்டையே மாற்றச் சொன்னார்கள். தறி ஓடும் வீதியில் கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பவர்களிடம் இந்த மாதிரிப் பேச்சு சுலபமாக எடுபடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாபேட்டையில் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் (துணியிலேயே நெய்து வரும் டிசைன்) போட்டுக் கொடுப்பது என் வேலை. பார்டர், புட்டா, முந்தி எல்லாமே திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும். அதற்காகவே புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் 4கே மானிட்டர் வாங்கினேன். பேக்கெட்டில் போட்டிருந்த 8கே அதைவிடவும் நுணுக்கமானது. புதுக் கேபிளை மாட்டியதிலிருந்து திரையில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னின. வேறு வேலையாக இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். இங்கே ஒரு புள்ளி என்பது ஓர் இழை. மின்னியது கேபிள் கோளாறா, டிசைனில் விழுந்த தப்பா என்று ஒவ்வொரு முறையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறி மோட்டாரைப் போட்டால் திரை ஒரு நொடி கருப்பாகி, 'சிக்னல் இல்லை' என்று காட்டிவிட்டுத் திரும்பி வரும்.

கடைக்காரர் அந்தத் தறியைத்தான் பிடித்துக்கொண்டார். "பக்கத்துல தறி ஓடுதுல்லங்க மேடம், கரண்ட்டுல நாய்ஸ் வரும். அதுக்குக் கேபிள் என்னங்க பண்ணும்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஃபில்டர் போட்ட பிறகும் அதே கதை. தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தார். 2 வோல்ட்டுக்குள்தான் இருந்தது, அந்த அளவு சரிதான். எர்த்திலும் குறை இல்லை.

விஷயம் இதுதான். 4கே படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, வர, கேபிள் வழியாக நொடிக்குச் சுமார் 18 ஜிகாபிட் தகவல் போக வேண்டும். நீளம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். உள்ளே கம்பி மட்டமாக இருந்தால் 5 மீட்டர் தாண்டுவதற்குள் நூலிழையில்தான் தாக்குப்பிடிக்கும். அந்த நிலையில் பக்கத்தில் ஒரு மோட்டார் கிளம்பினால் போதும், அதிலிருந்து வரும் மின் அதிர்வு ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) சரியில்லாத கேபிளுக்குள் நுழைந்து படத்தை அறுத்துவிடும். தறி ஓடுவது உண்மைதான். தாங்குகிற கேபிளாக இருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 30 ஆகக் குறையுங்கள். போகும் சிக்னல் பாதியாகிவிடும். புள்ளியும் கருப்பும் அப்போது நின்றுபோனால், பெரும்பாலும் கேபிளுக்குத்தான் தெம்பு இல்லை. எனக்கு உடனே நின்றது. இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது, "அப்ப 30-லயே ஓட்டுங்க மேடம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேபிளின் நடுப்பகுதியில் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. உள்ளே இரும்பு கலந்த ஏதோ ஒன்று இருக்கிறது. முனையில் இருக்கும் உலோகக் கூட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், நல்ல கேபிளிலும் அங்கே ஒட்டலாம்.

எச்டிஎம்ஐ தரத்தை நிர்வகிக்கும் அமைப்பு, கேபிளின் மேல் 1.4, 2.0, 2.1 என்று பதிப்பு எண் போடுவதையே அனுமதிப்பதில்லை. பார்க்க வேண்டியது கேபிளின் வகைப் பெயரை. 18 ஜிகாபிட் தாங்குவது 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 48 தாங்குவது 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. இந்த இரண்டுக்கும் பெட்டியில் சான்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த அமைப்பின் மொபைல் செயலியில் ஸ்கேன் செய்தால் அசலா இல்லையா என்று தெரியும். என் பேக்கெட்டில் ஸ்டிக்கரும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரியும் இல்லை. தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். நிறம் தூக்கலாக வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிஜிட்டல் சிக்னலில் அப்படியெல்லாம் நடக்காது. மானிட்டருக்கான இன்னொரு வகையான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்குபவர்களும் சான்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். சில மட்டமான கேபிள்களில் இணைக்கக் கூடாத 20-வது பின்னையும் (கரண்ட் போகும் முனை) இணைத்துவிடுகிறார்கள். அதனால் மானிட்டரிலிருந்து கரண்ட் பின்னோக்கிப் போய் கம்ப்யூட்டர் ஆன் ஆவதிலேயே தகராறு வரும்.

அப்புறம் நான் வேறு கடையில் ஸ்டிக்கர் இருந்த 2 மீட்டர் கேபிளைக் குறைந்த விலைக்கே வாங்கினேன். சிபியூவை மேசைக்குப் பக்கத்தில் நகர்த்தி, கேபிளை பிளக் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக விட்டேன். தறி பாட்டுக்கு ஓடுகிறது, திரை அசையவே இல்லை. நீளமாகத்தான் வேண்டும் என்றால் சிக்னலை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிள் கேளுங்கள். அதில் கம்ப்யூட்டர் பக்கம் எது, மானிட்டர் பக்கம் எது என்று எழுதியிருக்கும், மாற்றி மாட்டினால் படம் வராது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருக்கிறார்கள். குறைபாடுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும், பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கேபிளுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்று கடையிலிருந்து இப்போது போன் வருகிறது. ஃபில்டருக்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி பேக்கெட் உங்களிடமும் இருந்தால் கேபிளை வெட்டிப் பார்க்காதீர்கள், பேக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பில்லில் இருக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள்.